கூட்டு மாநிலத் தேர்வாணையம் பற்றிய வினாக்களுக்கு எவ்வாறு ஆயத்தமாவது?

வினா: வைகறை வாசகர்

அனைவருக்கும் வணக்கம். குடிமைப் பணி முதல்நிலைத் தேர்வுக்கும் தமிழ்நாட்டின் குரூப் 1 தேர்வுக்கும் ஒருசேரப் படித்து வருகிறேன். அரசமைப்புச் சட்டத்தின் பிரிவு 315 முதல் 323 வரை உள்ள பகுதியில் ஒன்றிய அரசுப் பணியாளர் தேர்வாணையமும் மாநில அரசுப் பணியாளர் தேர்வாணையமும் எனக்குத் தெளிவாகவே இருக்கின்றன. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களுக்குப் பொதுவாக அமையக்கூடிய கூட்டு மாநிலத் தேர்வாணையம்தான் பிடிபட மறுக்கிறது. படிக்கும்போது புரிகிறது, கூற்று வடிவில் வினாவாக வரும்போது ஆளுநரா, குடியரசுத் தலைவரா என்று மனம் தடுமாறுகிறது.

மூன்று ஐயங்களை முன்வைக்கிறேன். பிரிவு 315 இந்த ஆணையத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது; அப்படியிருந்தும் பயிற்சி நூல்கள் இதனை அரசமைப்பு சார்ந்த அமைப்பு அன்று, சட்டப்பூர்வ அமைப்பு என்று வகைப்படுத்துவது ஏன்? அடுத்து, தலைவரையும் உறுப்பினர்களையும் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார், ஆண்டறிக்கை மட்டும் ஆளுநர்களிடம் செல்கிறது என்பதை அட்டவணையாக மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழி உண்டா? கடைசியாக, இன்று நாட்டில் இப்படியொரு ஆணையம் எதுவும் இயங்கவில்லை என்னும்போது, இதற்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவது தகும்? முதன்மைத் தேர்வில் இதனை எங்கே பயன்படுத்த முடியும்? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: ஏட்டுச்சுவடி

நண்பருக்கு வணக்கம். உங்கள் முதல் ஐயத்தைத் தீர்த்துக்கொண்டால் இரண்டாவது ஐயத்திலும் பாதி தீர்ந்துவிடும் என்பதால், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பிரிவு 315-இன் முதல் உட்பிரிவு, ஒன்றியத்துக்கு ஒரு தேர்வாணையமும் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு தேர்வாணையமும் இருத்தல் வேண்டும் என்று நேரடியாகக் கட்டளையிடுகிறது. அந்த இரண்டையும் அரசமைப்பே பிறப்பிக்கிறது. வேறு எந்தச் சட்டமும் அவற்றுக்குத் தேவையில்லை. இரண்டாவது உட்பிரிவு அப்படிக் கட்டளையிடவில்லை. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்கள் தமக்குள் ஒத்துக்கொண்டு, அந்த ஒவ்வொரு மாநிலத்தின் சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றினால், நாடாளுமன்றம் சட்டத்தின் வாயிலாகக் கூட்டு ஆணையத்துக்கு வகை செய்யலாம் என்று மட்டுமே அது கூறுகிறது. ஆகவே அரசமைப்பு இங்கே வழியைத் திறந்து வைக்கிறது; ஆணையத்தை உண்டாக்குவது நாடாளுமன்றச் சட்டம். சட்டப்பூர்வ அமைப்பு என்ற வகைப்பாட்டுக்கு இதுவே காரணம். ஆனால் இதில் ஒரு நுட்பத்தையும் மறந்துவிடாதீர்கள். ஆணையம் அமைந்த பிறகு, அதன் உறுப்பினர்களின் பதவிக்காலமும் அவர்களைப் பதவிநீக்கும் முறையும் பிரிவு 316, 317 ஆகியவற்றிலிருந்தே கிடைக்கின்றன. அமைப்பு சட்டப்பூர்வமானது என்பதற்காக, உறுப்பினர்களைச் சாதாரணச் சட்டத்தின் மூலம் எளிதில் நீக்கிவிடலாம் என்று ஒரு கூற்று வந்தால், அது தவறு.

இந்த இரண்டாவது உட்பிரிவை ஒரு கற்பனைச் சூழலில் பொருத்திப் பார்த்தால் படிகள் மனத்தில் நிற்கும். தமிழ்நாடும் கர்நாடகமும் ஒரே தேர்வாணையம் போதும் என்று முடிவெடுப்பதாக வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் சட்ட மேலவை 1986-இல் நீக்கப்பட்டுவிட்டதால், இங்கே சட்டப்பேரவையின் தீர்மானம் மட்டும் போதும். கர்நாடகத்தில் மேலவையும் இருப்பதால், அங்கே ஈரவைகளும் தனித்தனியே தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். தீர்மானத்துக்குச் சிறப்புப் பெரும்பான்மை வேண்டும் என்று அந்த உட்பிரிவு கூறவில்லை. மேலவையை உருவாக்கவோ நீக்கவோ வகை செய்யும் பிரிவு 169-இல் சிறப்புப் பெரும்பான்மை வருகிறது. வினா தயாரிப்பவர்கள் அதை இங்கே கொண்டுவந்து ஒட்டுவது எளிது. இரு மாநிலங்களின் தீர்மானங்களும் நிறைவேறிய பிறகும் நாடாளுமன்றத்துக்குக் கட்டாயம் எதுவும் இல்லை. அது சட்டம் இயற்றலாம், இயற்றாமலும் இருக்கலாம். மூன்றாவது உட்பிரிவின்படி, அத்தகைய சட்டத்தில் ஆணையத்தின் நோக்கத்தை நிறைவேற்றத் தேவையான துணை விதிகளும் தொடர்விளைவு விதிகளும் இடம்பெறலாம்.

இதோடு குழப்பிக்கொள்ளத்தக்க வேறு இரண்டு ஏற்பாடுகள் அதே பகுதியிலேயே இருக்கின்றன. உங்கள் தடுமாற்றத்தின் வேர் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும் என்று கருதுகிறேன். பிரிவு 315(4)-இன்படி, ஒரு மாநிலத்தின் ஆளுநர் கேட்டுக்கொண்டால், ஒன்றியத் தேர்வாணையம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு அந்த மாநிலத்தின் தேவைகள் அனைத்தையுமோ சிலவற்றையோ நிறைவேற்ற இசையலாம். இங்கே தீர்மானமும் இல்லை, நாடாளுமன்றச் சட்டமும் இல்லை. பிரிவு 320(2)-இன்படி, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்கள் கேட்டுக்கொண்டால், சிறப்புத் தகுதி தேவைப்படும் பணிகளுக்குக் கூட்டு ஆள்சேர்ப்புத் திட்டங்களை வகுத்துச் செயல்படுத்த அந்த மாநிலங்களுக்கு உதவுவது ஒன்றியத் தேர்வாணையத்தின் கடமை. இதில் புதிய ஆணையம் எதுவும் பிறப்பதில்லை. ‘இசையலாம்’ என்பதற்கு மாறாகக் ‘கடமை’ என்று வருவதையும் கவனியுங்கள். தீர்மானம், ஆளுநரின் வேண்டுகோள், மாநிலங்களின் வேண்டுகோள் என்று மூன்று வாயில்கள் இருக்கின்றன. வினாவில் எந்த வாயில் சொல்லப்படுகிறது என்பதை முதலில் அடையாளம் கண்டுகொண்டால், விடைகளில் பாதி தானே உதிர்ந்துவிடும்.

இனி, உங்கள் இரண்டாவது ஐயம். மனப்பாடத்துக்குப் பதிலாக ஒவ்வொரு இடத்திலும் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: இந்த விதி ஆணையத்தின் அமைப்பைப் பற்றியதா, அது ஒரு குறிப்பிட்ட மாநிலத்துக்குச் செய்யும் பணியைப் பற்றியதா? அமைப்பைப் பற்றியது என்றால் குடியரசுத் தலைவர். பல மாநிலங்களுக்குப் பொதுவான ஓர் ஆணையத்தின் தலைவரை அவற்றுள் ஒரு மாநிலத்தின் ஆளுநர் நியமித்தால் மற்ற மாநிலங்களின் நிலை என்னவாகும் என்று எண்ணிப் பார்த்தாலே இதன் நியாயம் விளங்கும். ஆகவே நியமனம், பதவி விலகல் கடிதம், இடைநீக்கம், பிரிவு 318-இன் கீழ் உறுப்பினர் எண்ணிக்கையையும் பணி நிபந்தனைகளையும் வகுக்கும் ஒழுங்குமுறைகள் ஆகிய அனைத்தும் குடியரசுத் தலைவரிடமே செல்கின்றன. ஒரு மாநிலத்துக்கு ஆற்றிய பணி என்றால் அந்த மாநிலத்தின் ஆளுநர். பிரிவு 323(2)-இன்படி, கூட்டு ஆணையம் தான் பணியாற்றும் ஒவ்வொரு மாநிலத்தின் ஆளுநரிடமும் அந்த மாநிலம் தொடர்பான பணி குறித்த அறிக்கையை ஆண்டுதோறும் தனியாக அளிக்க வேண்டும். ஆணையத்தின் அறிவுரை ஏற்கப்படாத நேர்வுகளுக்கான காரணங்களை விளக்கும் குறிப்புரையுடன் ஆளுநர் அதனைச் சட்டமன்றத்தின் முன் வைக்கச் செய்கிறார். எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து ஒரே அறிக்கை குடியரசுத் தலைவருக்கு என்று ஒரு கூற்று வந்தால், தயங்காமல் அடித்துவிடலாம்.

பதவிநீக்கத்தில் மட்டும் கூடுதல் கவனம் தேவை. மாநிலத் தேர்வாணைய உறுப்பினரை ஆளுநர் நியமித்தாலும், நீக்கும் அதிகாரம் குடியரசுத் தலைவருக்கே உண்டு. ஆகவே பதவிநீக்கத்தைப் பொறுத்தவரை மூன்று வகை ஆணையங்களுக்கும் ஒரே விதிதான். தவறான நடத்தை என்ற காரணத்துக்காக நீக்க வேண்டுமானால், குடியரசுத் தலைவர் அதனை உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பி, அது விசாரித்து நீக்கலாம் என்று அறிக்கை அளித்திருக்க வேண்டும். நொடிப்பு நிலை (கடனைத் தீர்க்க இயலாத நிலை), பதவிக் கடமைகளுக்கு வெளியே ஊதியம் பெறும் வேலை, உடல் அல்லது மனத் தளர்ச்சி ஆகிய காரணங்களுக்கு அந்த விசாரணை தேவையில்லை. விசாரணை நடக்கும் காலத்தில் இடைநீக்கம் செய்வதில்தான் வேறுபாடு வருகிறது: மாநில ஆணையம் என்றால் ஆளுநர், ஒன்றிய ஆணையமோ கூட்டு ஆணையமோ என்றால் குடியரசுத் தலைவர்.

பதவிக்காலம் ஆறு ஆண்டுகள் அல்லது 62 வயது, எது முந்தியதோ அதுவரை. ஒன்றியத் தேர்வாணையத்துக்கு மட்டும் 65. மாநில, கூட்டு ஆணையங்களுக்கு முன்பு 60 ஆக இருந்த வயதை 1976-இன் 41-ஆவது திருத்தம் 62 ஆக உயர்த்தியது. பழைய நூல்களில் 60 என்று கண்டால் குழம்ப வேண்டாம்.

பதில்: நூலக மேசை

ஏட்டுச்சுவடி அவர்கள் விதிகளை நன்றாக விளக்கிவிட்டார். மூன்றாவது கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

இன்று இயங்காத அமைப்பு என்பதால் இதனை ஒதுக்கிவிடலாம் என்ற எண்ணத்தோடு எனக்கு உடன்பாடு இல்லை. கூட்டாட்சியில் மாநிலங்கள் தம் நிறுவனங்களை எப்போது பகிர்ந்துகொள்கின்றன, எப்போது பகிர மறுக்கின்றன என்ற பெரிய கேள்விக்கு இது ஒரு செறிவான எடுத்துக்காட்டு. அதனாலேயே முதன்மைத் தேர்வில் இதற்கு மதிப்பு உண்டு.

இதன் வரலாறு அரசமைப்புக்கு முந்தியது. 1935-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம், பிரிவு 264-இல், இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மாகாணங்கள் ஒத்துக்கொண்டு ஒரே தேர்வாணையத்தை வைத்துக்கொள்ள இடமளித்தது. ஒரு மாகாணத்தின் ஆணையமே மற்ற மாகாணங்களின் தேவைகளையும் நிறைவேற்றலாம் என்றும் கூறியது. அதன்படி பீகார், ஒரிசா, மத்திய மாகாணம்-பேரார் ஆகியவற்றுக்கு உண்மையிலேயே ஒரு கூட்டு ஆணையம் இருந்தது. அது பிரிந்த பிறகே பீகாரும் ஒரிசாவும் 1949 ஏப்ரல் 1 முதல் தனித்தனி ஆணையங்களைப் பெற்றன. சென்னை மாகாணம் அந்த வழியில் செல்லவில்லை. 1929-லேயே தன் சட்டமன்றச் சட்டத்தின் மூலம் தனக்கென ஒரு பணி ஆணையத்தை அமைத்துக்கொண்ட முதல் மாகாணம் அது. அரசமைப்பு அந்தப் பழைய ஏற்பாட்டை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. மாகாணங்களுக்கு இடையிலான உடன்பாடு மட்டும் போதும் என்றிருந்த நிலையை மாற்றி, சட்டமன்றத் தீர்மானத்தையும் நாடாளுமன்றச் சட்டத்தையும் சேர்த்தது. இந்த மாற்றத்தை ஒரே வாக்கியத்தில் குறிப்பிட்டாலும் உங்கள் விடைக்குத் தனி மதிப்புக் கிடைக்கும் என்று நம்புகிறேன்.

விடுதலைக்குப் பிறகு, 1966-இல் பஞ்சாபிலிருந்து ஹரியானா பிரிந்தபோது, இரு மாநிலங்களுக்கும் மிகக் குறுகிய காலம் கூட்டு ஆணையம் இருந்ததாக ஆட்சியியல் பாடநூல்கள் குறிப்பிடுகின்றன. அதே இரு மாநிலங்கள் சண்டிகரோடு சேர்ந்து ஒரே உயர் நீதிமன்றத்தை இன்றுவரை பகிர்ந்து வருகின்றன. நீதிமன்றப் பகிர்வு நிலைத்தது, தேர்வாணையப் பகிர்வு நிலைக்கவில்லை. இந்த முரண்தான் முதன்மைத் தேர்வுக்கான உங்கள் வாதத்தின் மையமாக இருக்க வேண்டும்.

2014-ஐயும் இதோடு சேர்த்துப் பாருங்கள். ஆந்திரப் பிரதேச மறுசீரமைப்புச் சட்டம் கூட்டு ஆணையம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. இருந்த தேர்வாணையத்தை ஆந்திரப் பிரதேசத்துக்கு அளித்துவிட்டு, தெலங்கானாவுக்குத் தனி ஆணையம் அமைய வேண்டும் என்றும், அது அமையும்வரை பிரிவு 315(4)-இன்படி ஒன்றியத் தேர்வாணையம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு அதன் தேவைகளை நிறைவேற்ற இசையலாம் என்றும் பிரிவு 83-இல் கூறியது. தெலங்கானா அந்த ஆண்டிலேயே தனக்கென ஆணையத்தை அமைத்துக்கொண்டது. ஆனால் உயர் நீதிமன்றம் 2019 ஜனவரி 1 வரை இரு மாநிலங்களுக்கும் பொதுவாகவே ஹைதராபாத்தில் நீடித்தது.

ஏன் இந்த வேறுபாடு? என் கருத்தைச் சொல்கிறேன். நீதிமன்றம் எல்லா மாநிலங்களிலும் பெரும்பாலும் ஒரே சட்டங்களைப் பயன்படுத்துகிறது. மேலும், பிரிவு 231-இன்படி பொது உயர் நீதிமன்றத்தை அமைக்க நாடாளுமன்றத்துக்கு மாநிலத் தீர்மானம் தேவையில்லை. தேர்வாணையமோ மாநிலத்தின் பணி விதிகளுக்குள் இயங்குகிறது. மாநிலப் பணிகளும் மாநிலத் தேர்வாணையமும் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 41-ஆவது பதிவில் உள்ளன. இடஒதுக்கீட்டு விகிதம் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. தமிழ்நாட்டின் 69 விழுக்காட்டு ஏற்பாடு 1994-இன் 76-ஆவது திருத்தத்தால் ஒன்பதாவது அட்டவணையில் சேர்க்கப்பட்டதை நாம் அறிவோம். தேர்வு மொழி, மொழித் தகுதித் தாள், பதவிகளின் படிநிலை, கல்வித் தகுதி ஆகியவையும் வேறுபடுகின்றன. ஒரே ஆணையம் இரண்டு மாநிலங்களுக்கு இரண்டு பாடத்திட்டம், இரண்டு மொழி, இரண்டு இனச்சுழற்சி முறை (இடஒதுக்கீட்டின்படி பணியிடங்களை வரிசைப்படுத்தும் முறை) என்று நடத்த வேண்டியிருந்தால், பகிர்வதால் மிச்சமாவது அலுவலகச் செலவு மட்டுமே. வேலைவாய்ப்பு அரசியலில் மிகக் கூர்மையான பொருளாக இருக்கும்போது, அதன் திறவுகோலை எந்த மாநில அரசும் அண்டை மாநிலத்தோடு பகிர விரும்புவதில்லை என்பதையும் நேர்மையாக எழுதலாம்.

எதிர்த்தரப்பையும் எழுதுங்கள். சிறிய மாநிலங்களில் ஆண்டுதோறும் நிரப்பப்படும் இடங்கள் குறைவு. வினாத்தாள் தயாரிக்கவும் நேர்முகத் தேர்வு நடத்தவும் வல்லுநர்கள் எளிதில் கிடைப்பதில்லை. எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த இடத்தில் நடுநிலை பற்றிய ஐயம் விரைவில் எழும். அத்தகைய மாநிலங்களுக்கு ஒரு கூட்டு ஆணையம் உண்மையான பாதுகாப்பாக அமையக்கூடும். இது வெறும் ஏட்டு வாதம் அன்று. பல ஆண்டுகள் படித்துவிட்டுத் தேர்வு நடக்குமா, முடிவு வருமா என்று காத்திருக்கும் இளைஞர்களின் வாழ்க்கை இதில் அடங்கியிருக்கிறது. அந்த அக்கறை உங்கள் விடையிலும் தெரியட்டும்.

வினா தொடர்ச்சி: வைகறை வாசகர்

இருவருக்கும் உளமார்ந்த நன்றி. வாயில்கள் பற்றிய விளக்கத்துக்குப் பிறகு மூல உரையை மீண்டும் படித்தேன். பிரிவு 316, 317, 318, 323 ஆகியவற்றில் கூட்டு ஆணையம் பெயரோடு வருகிறது. 319, 320, 321, 322 ஆகியவற்றில் வரவில்லையே! அப்படியானால் தேர்வு நடத்தும் கடமையும் செலவினங்கள் பற்றிய விதியும் அதற்குப் பொருந்தாதா?

பதில்: ஏட்டுச்சுவடி

மிகச் சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். மூல உரையைப் படிப்பவருக்கே இந்தக் கேள்வி எழும். விடை பிரிவு 315-இன் ஐந்தாவது உட்பிரிவில் இருக்கிறது. ஒன்றியத் தேர்வாணையம், மாநிலத் தேர்வாணையம் என்று அரசமைப்பில் வரும் குறிப்புகளை, சூழல் வேறுவிதமாகத் தேவைப்படுத்தினாலன்றி, குறிப்பிட்ட பொருளில் அந்த ஒன்றியத்தின் அல்லது மாநிலத்தின் தேவையை நிறைவேற்றும் ஆணையம் என்றே கொள்ள வேண்டும் என்று அது கூறுகிறது. ஆகவே இரண்டு மாநிலங்களுக்குக் கூட்டு ஆணையம் பணியாற்றினால், அந்த மாநிலங்களைப் பொறுத்தவரை பிரிவு 320-இன் தேர்வு நடத்தும் கடமையும் கலந்தாய்வுக் கடமையும் அதற்கே உரியவை. பிரிவு 322-இன் செலவினங்களும் அவ்வாறே மாநிலத் தொகுப்பு நிதியத்தின் மீது பொறுப்பேற்றப்பட்டவையாக (சட்டமன்ற வாக்கெடுப்புக்கு உட்படாத செலவுகளாக)க் கொள்ளப்படும். மாநிலங்களுக்கிடையே பங்கு எப்படி என்பது போன்றவற்றை 315(3) குறிப்பிடும் துணை விதிகளில் தீர்த்துக்கொள்ளலாம்.

இதில் மிக நுண்ணிய ஒரு பொறியும் இருக்கிறது. உறுப்பினர் எண்ணிக்கை, பணி நிபந்தனை ஆகியவற்றுக்கான ஒழுங்குமுறைகளைக் கூட்டு ஆணையத்துக்குக் குடியரசுத் தலைவர் வகுக்கிறார் என்று முன்பே பார்த்தோம். எந்தெந்தப் பொருள்களில் அரசு ஆணையத்தைக் கலந்தாலோசிக்கத் தேவையில்லை என்று விலக்களிக்கும் ஒழுங்குமுறைகளை, பிரிவு 320(3)-இன் காப்புரைப்படி (விதிவிலக்கு கூறும் பகுதிப்படி), மாநிலப் பணிகளுக்கு ஆளுநர் வகுக்கிறார். முதலாவது அமைப்பு, இரண்டாவது மாநிலத்தின் பணி. நான் சொன்ன கேள்வியை இங்கே கேட்டுப் பாருங்கள், விடை பொருந்தி வரும். கலந்தாலோசிக்காமல் விட்டால் அரசின் நடவடிக்கை தானாகவே செல்லாததாகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 1957-இல் மன்போதன் லால் ஸ்ரீவஸ்தவா வழக்கில் கூறியதையும் இதன் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

பதில்: மாதிரி வினாத்தாள்

ஒரு பயிற்சி வினாவைத் தருகிறேன்; இது நானே அமைத்தது. கூட்டு மாநிலத் தேர்வாணையம் பற்றிய பின்வரும் கூற்றுகளுள் எத்தனை சரியானவை? ஒன்று: தொடர்புடைய மாநிலங்களின் ஆளுநர்கள் கேட்டுக்கொண்டால், நாடாளுமன்றம் அதனை அமைக்கலாம். இரண்டு: அதன் உறுப்பினர் தம் பதவி விலகல் கடிதத்தைக் குடியரசுத் தலைவருக்கு எழுத வேண்டும். மூன்று: அதன் உறுப்பினர் 65 வயதுவரை பதவி வகிக்கலாம். நான்கு: தான் பணியாற்றும் ஒவ்வொரு மாநிலத்தின் ஆளுநரிடமும் அது ஆண்டறிக்கை அளிக்கிறது.

‘எத்தனை சரியானவை’ என்று கேட்கும் இவ்வகை வினாக்கள் அண்மை ஆண்டுகளில் முதல்நிலைத் தேர்வில் பெருகியிருப்பதால், தெரிந்த ஒரு கூற்றைக் கொண்டு விடைத் தெரிவுகளை நீக்கும் பழைய உத்தி பயன்படாது. ஒவ்வொரு கூற்றையும் தனியாகத் தீர்ப்பிட வேண்டும். முதல் கூற்றில் ‘ஆளுநர்கள் கேட்டுக்கொண்டால்’ என்பது 315(4)-இன் வாயிலிலிருந்து பிடுங்கி இங்கே நட்டது. வேண்டுவது சட்டமன்றங்களின் தீர்மானம். ஆகவே தவறு. இரண்டாவது அமைப்பைப் பற்றியது, சரி. மூன்றாவதில் வயது 62, தவறு. நான்காவது, மாநிலத்துக்கான பணியைப் பற்றியது, சரி. விடை: இரண்டு மட்டும்.

நேரம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பிரிவு 315 முதல் 323 வரை ஒரே அமர்வில் மூல உரையாகப் படித்துவிட்டு, கூட்டு ஆணையம் பெயரோடு வரும் இடங்களை ஒரு வண்ணத்திலும், 315(5) வழியாக உள்ளே வரும் இடங்களை இன்னொரு வண்ணத்திலும் கோடிட்டு வையுங்கள். மறுவாசிப்பில் அந்தக் கோடுகளை மட்டும் பார்த்தால் போதும். அதன்பின் பிரிவு 231, மாநிலங்கள் தீர்மானத்தின் வழியே கேட்டுக்கொண்டால் மாநிலப் பட்டியல் பொருளில் நாடாளுமன்றம் அவற்றுக்காகச் சட்டம் இயற்ற இடமளிக்கும் பிரிவு 252, ஒரே நபர் இரண்டு மாநிலங்களுக்கு ஆளுநராக இருக்க 1956-இன் 7-ஆவது திருத்தம் இடமளித்த பிரிவு 153 ஆகியவற்றை இதோடு ஒப்பிட்டுப் படியுங்கள். மாநிலங்களின் தீர்மானம் எதற்குத் தேவை, எதற்குத் தேவையில்லை என்பதிலிருந்து இன்னும் பல வினாக்களை நீங்களே அமைத்துக்கொள்ள முடியும். 252-இல் தீர்மானம் தேவை, 231-இலும் 153-இலும் தேவையில்லை. அமைத்த வினாக்களை இங்கே பதிவிட்டால், நாங்களும் விடையளித்துப் பார்க்கிறோம்.